குடும்பத்தில் ஓடும் குடல் புற்றுநோய்: யாரிடம் தொடங்குவது, எப்படித் தடுப்பது

ஒருவருக்கு 50 வயதுக்குள் பெருங்குடலில் புற்றுநோய் வந்துவிட்டால், வீட்டில் மற்றவர்கள் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: "எனக்கும் வருமா?" கேள்வி நியாயமானது. ஆனால் பதில் தேடும்போது பெரும்பாலானவர்கள் தங்களிடமிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். நல்ல உடம்போடு இருக்கும் மகன் போய் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, "ஒன்றும் இல்லை" என்று ரிப்போர்ட் வாங்கி வந்து நிம்மதியாகத் தூங்குவார். அந்த நிம்மதிக்கு அடிப்படையே இல்லாமல் போகலாம். தொடங்க வேண்டியது நோய் வந்தவரிடமிருந்து. அங்கிருந்துதான் மற்றவர்களுக்கு வர வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை, கணக்கு எழுதுவது என் தொழில். எம்.எஸ்.எச்.2 என்ற மரபணுவில் ஒரு பிழையோடு பிறந்தவள். குடல், கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் இந்தப் பரம்பரை நிலைக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். அப்பாவுக்கு 44 வயதில் பெருங்குடலில் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இன்றைக்கும் நலமாக இருக்கிறார். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, 39 வயதில் போய்விட்டார். அத்தைக்கு 48 வயதில் கர்ப்பப்பையில் வந்தது. குடும்பத்தின் மருத்துவக் காகிதங்களைச் சேர்த்து வைக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. யாரும் கொடுக்கவில்லை. கணக்குப் பார்க்கிறவர் கைக்குக் காகிதம் எப்படியோ வந்துவிடும்.

பயத்துக்கு முன்னால் அளவு தெரிய வேண்டும். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வருகிறவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்குத்தான் தெளிவாக அடையாளம் காணப்பட்ட பரம்பரை மரபணுப் பிழை காரணமாக இருக்கிறது. அதிலும் பெரும்பங்கு, ஏறத்தாழ 3 பேர், லிஞ்ச். மக்கள்தொகையில் 300 பேருக்கு ஒருவர் அளவில் இந்தப் பிழையைச் சுமக்கிறார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 70 வயதில் குடல் புற்றுநோய் வந்தது, வேறு யாருக்கும் இல்லை என்றால் அது பெரும்பாலும் சாதாரணக் குடும்பப் பின்னணிதான். உங்கள் ஆபத்து மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பொதுவாகத் தரப்படும் ஆலோசனை: 40 வயதிலோ, குடும்பத்தில் நோய் வந்தவரின் வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்போ, எது முந்தையதோ அப்போது கொலோனோஸ்கோபியை, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலை உள்ளே பார்க்கும் பரிசோதனையைத் தொடங்குவது. அவ்வளவுதான், மரபணு ஆராய்ச்சி எல்லாம் தேவைப்படாமல் போகலாம்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. 50 வயதுக்குள் பெருங்குடல் அல்லது கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய். ஒரே ஆளுக்கு இரண்டு முறை வேறு வேறு இடங்களில் புற்றுநோய். ஒரே பக்கத்து உறவில் குடல், கர்ப்பப்பை, சினைப்பை, இரைப்பை, சிறுநீர்க்குழாய் என்று பலருக்கு வந்திருப்பது. ஒருவர் குடலில் பத்துக்கு மேற்பட்ட அடினோமா வகைப் பாலிப்புகள், அதாவது பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய சிறு சதை வளர்ச்சிகள்.

லிஞ்சை அடையாளம் காண 1990-ல் ஆம்ஸ்டர்டாமில் வகுத்த பழைய விதி ஒன்று உண்டு: நோய் வந்த உறவினர் 3 பேர், 2 தலைமுறை, அவர்களில் ஒருவராவது 50 வயதுக்குள். நினைவில் வைக்க எளிது, ஆனால் இதையே வாசற்படியாக வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு ஒன்று இரண்டு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தில் மூன்று பேருக்கு எங்கே போவது? மூன்றாவது ஆளுக்கு வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லும் விதியை நான் குடும்பத்துக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குடும்ப மரம் வரையுங்கள், சுத்தமாக

ஒரு முழுத் தாள் எடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. மரபணுத் துறையில் உலகெங்கும் இப்படித்தான் வரைகிறார்கள். குறைந்தது மூன்று தலைமுறை. அப்பா பக்கத்தையும் அம்மா பக்கத்தையும் கலக்காமல் வரையுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு, மறுபக்கத்தில் இரண்டு என்பது நான்கு ஆகாது.

ஒவ்வொருவர் பக்கத்திலும் மூன்று விஷயம் வேண்டும்: எந்த உறுப்பு, எந்த வயதில், அதற்குக் காகிதம் இருக்கிறதா. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பெரியப்பாவுக்கு "வயிற்றுக் கட்டி" என்றுதான் வீட்டில் பேச்சு. வயிற்றுக் கட்டி என்றால் இரைப்பையா, ஈரலா, குடலா, கணையமா? பெரியம்மா துணிகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் "வலது பக்கப் பெருங்குடல்" என்று இருந்தது. லிஞ்சில் கட்டி பெரும்பாலும் வலது பக்கத்தில் வரும். அந்த ஒரு தாள் வந்த பிறகு எங்கள் மரமே வேறு மாதிரி தெரிந்தது.

"கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்பதையும் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். நார்க்கட்டிக்காகவா, புற்றுநோய்க்காகவா என்று கேளுங்கள். எதற்காக எடுத்திருந்தாலும் எந்த வயதில் என்று குறியுங்கள். 38 வயதில் உறுப்பே போய்விட்ட ஒருவருக்கு அங்கே நோய் வராததை நல்ல செய்தியாக எண்ண முடியாது.

உறவையும் பிரித்து எழுத வேண்டும். "மாமா" என்று மட்டும் எழுதினால் அது அம்மாவின் அண்ணனா, அத்தையின் கணவரா என்று ஆலோசகருக்குத் தெரியாது. முன்னவர் ரத்த உறவு, பின்னவர் இல்லை. சித்தப்பா, பெரியம்மாவுக்கும் இதே கதைதான். அப்புறம், தாத்தா பாட்டி தலைமுறையிலோ பெற்றோர் தலைமுறையிலோ சொந்தத்துக்குள் திருமணம் நடந்திருந்தால் இரட்டைக் கோடு போட்டுக் காட்டுங்கள். அது ஏன் என்று பின்னால் வருகிறேன்.

இந்த மரம் வரையும் வேலை பழையது. 1895-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்கூறியல் மருத்துவரிடம் அவருடைய தையல்காரப் பெண், தன் வீட்டில் எல்லோரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்துதான் சாகிறார்கள், தானும் அப்படித்தான் போவேன் என்று சொன்னார். அப்படியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார். வார்த்தின் அந்தக் குடும்பத்தை விசாரித்து 1913-ல் வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1966-ல், நெப்ராஸ்காவின் ஹென்றி லிஞ்ச் அதே போன்ற இரு குடும்பங்களை விவரித்தார். மரபணு பிடிபட்டது 1993-ல். வார்த்தினின் குடும்பத்தில் இருந்ததும் எம்.எஸ்.எச்.2-தான் என்று பின்னர் தெரிந்தது. முதலில் கவனித்தவர் தையல்காரப் பெண், அதை யாரும் அவர் பெயரால் சொல்வதில்லை.

அடுத்து, கட்டியைக் கேளுங்கள்

ரத்தப் பரிசோதனைக்கு ஓடும் முன், நோய் வந்தவரின் கட்டி ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது. நகலில் வரும் தவறுகளைச் சரிசெய்ய நான்கு புரதங்கள் வேலை செய்கின்றன: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. லிஞ்ச் உள்ளவர்கள் இவற்றில் ஒன்றின் மரபணுவில், இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டுப்போய்ப் பிறக்கிறார்கள். மற்றது நன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. எங்கோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் போனால் அங்கே தவறுகள் குவியத் தொடங்கும். பிழை இருக்கும் எல்லோருக்கும் நோய் வராததும், வருகிறவர்களுக்கு வேகமாக வருவதும் இதனால்தான்.

கட்டியின் பயாப்சியில் இந்த நான்கு புரதங்களும் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்க்கலாம். இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்பார்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-லேயே, பெருங்குடல் புற்றுநோய் வந்த ஒவ்வொருவருக்கும், வயது பார்க்காமல், இந்த வகைப் பரிசோதனை செய்யச் சொன்னது. அப்பாவின் ரிப்போர்ட்டில் கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது:

எம்.எல்.எச்.1 – உள்ளது
பி.எம்.எஸ்.2 – உள்ளது
எம்.எஸ்.எச்.2 – இல்லை
எம்.எஸ்.எச்.6 – இல்லை

இதைப் படிக்க ஒரு சூத்திரம் போதும். புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். எம்.எஸ்.எச்.2 போனால் எம்.எஸ்.எச்.6-ம் கூடவே போகும்; எம்.எல்.எச்.1 போனால் பி.எம்.எஸ்.2-ம் போகும். எம்.எஸ்.எச்.2 இல்லை என்று வந்தால் லிஞ்ச் சந்தேகம் வலுவானது. எம்.எல்.எச்.1 இல்லை என்று வந்தால் அவசரப்பட்டுக் குடும்பத்தைக் கூட்டாதீர்கள். வயதானவர்களிடம் அது பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே நடந்த மாற்றம், பரம்பரை இல்லை. பிராஃப் என்ற மரபணுவையும், மெத்திலேஷனையும் (மரபணுவை அணைத்துவைக்கும் வேதிக் குறி) பார்த்து அதைப் பிரித்துச் சொல்வார்கள்.

சில வீடுகளில் நோய் வந்தவர் உயிரோடு இருக்க மாட்டார். அப்போதும் வழி அடைபடவில்லை. அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து, பிளாக் என்று சொல்வார்கள், ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும். எந்த மருத்துவமனை, எந்த ஆண்டு, பயாப்சி எண் என்ன என்று தெரிந்தால் அதைக் கேட்டு வாங்கிச் சோதிக்கலாம். அதனால்தான் பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாதீர்கள் என்று வீட்டில் நச்சரிக்கிறேன்.

கட்டிப் பரிசோதனை குடும்பத்துக்கு மட்டும் உதவுவதில்லை. இந்தப் புரதங்கள் இல்லாத கட்டிகளுக்கு பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் நன்றாகக் கேட்கின்றன. ஆகவே நோயாளியின் சிகிச்சைக்கே இது தேவை என்று சொல்லிக் கேளுங்கள்.

ரத்தம் யார் முதலில் கொடுப்பது

நோய் வந்தவர். அவருக்குப் பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பேனல் பரிசோதனை செய்வார்கள். முடிவு மூன்றில் ஒன்றாக வரும்.

பிழை கிடைத்தது என்றால் பாதை தெளிவு. இனி மற்றவர்கள் எல்லோரும் அந்த ஒரு பிழையை மட்டும் தேடினால் போதும். அந்த ரிப்போர்ட்டின் நகல் இல்லாமல் யாரும் ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள். எந்த இடத்தில் தேட வேண்டும் என்று ஆய்வகத்துக்குத் தெரிய வேண்டும்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், குடும்பத்தில் பரம்பரையே இல்லை என்று அர்த்தமில்லை. மரத்தைப் பார்த்து ஆலோசகர் என்ன சொல்கிறாரோ அதன்படி கண்காணிப்பு தொடரும்.

மூன்றாவது, அர்த்தம் உறுதியாகாத மாற்றம். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று அறிவியலுக்கு இன்னும் தெரியவில்லை. இதை வைத்துக் கர்ப்பப்பையை எடுப்பதோ, பிள்ளைகளுக்குச் சோதிப்பதோ கூடாது. இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கில்லாதவை என்று வகை மாறுகின்றன. இரண்டொரு ஆண்டுக்கு ஒருமுறை ஆலோசகரிடம் "வகை மாறியதா" என்று கேட்டால் போதும்.

பிழை தெரிந்த குடும்பத்தில், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசமில்லை. எனக்கு வந்தது, தம்பிக்கு வரவில்லை. குடும்பத்தின் பிழையைத் தேடிப் பார்த்து இல்லை என்று வந்ததால் அவனுடைய "இல்லை" உண்மையான "இல்லை". அவனுக்கு எல்லோருக்கும் உள்ள சாதாரண ஆபத்துதான்; அவன் பிள்ளைகளுக்கு இது போகாது, ஒரு தலைமுறை தாண்டிக் குதித்தும் போகாது. ரிசல்ட் வந்த அன்று அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசினான். நான் சொன்னேன், "டேய், உனக்கும் வந்திருந்தா எனக்கு என்ன லாபம்?"

எந்த மரபணு என்பதும் முக்கியம். எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 என்றால் வாழ்நாளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குடல் புற்றுநோய் வரலாம். எம்.எஸ்.எச்.6-ல் அது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு, பி.எம்.எஸ்.2-ல் பத்தில் ஒருவர் அளவு. "எனக்கு லிஞ்ச்" என்று இணையத்தில் தேடி, மிக மோசமான எண்ணைத் தனக்கு எடுத்துக்கொள்ளும் பி.எம்.எஸ்.2-காரர்கள் உண்டு.

லிஞ்ச் தவிர இரண்டைச் சொல்லிவிடுகிறேன். எஃப்.ஏ.பி. என்பது ஏ.பி.சி. மரபணுவில் வரும் பிழை. குடலில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பாலிப் முளைக்கும். விட்டுவிட்டால் 40 வயதை ஒட்டிப் புற்றுநோய் ஏறத்தாழ நிச்சயம். ஆகவே 10 முதல் 12 வயதிலேயே பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்குவார்கள். பாலிப்புகள் கைமீறும்போது பெருங்குடலை எடுத்துவிடுவதுதான் தடுப்பு. அப்புறமும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியை ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எஃப்.ஏ.பி. உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது. பிழை அவரிடம்தான் புதிதாகத் தொடங்கியிருக்கும். மற்றொன்று எம்.யூ.டி.ஒய்.எச். என்ற மரபணுவில் வரும் பிழை. இதில் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய். பெற்றோர் நலமாக இருக்க, அண்ணன் தங்கைக்கு மட்டும் பாலிப் வருவது இதன் அடையாளம். சொந்தத்துக்குள் திருமணம் என்றால் இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் வாய்ப்பு கூடும்; மரத்தில் அந்த இரட்டைக் கோட்டை இதற்காகத்தான் போடச் சொன்னேன்.

கொலோனோஸ்கோபி: தடுப்பு என்பது இதுதான்

பிழையை மாற்ற முடியாது. ஆனால் பாலிப்பை எடுக்க முடியும். பின்லாந்தில் 22 லிஞ்ச் குடும்பங்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குடலைப் பரிசோதித்துக்கொண்டவர்களிடம் குடல் புற்றுநோய் 62 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களில் யாரும் அந்த நோயால் இறக்கவில்லை. பரிசோதிக்காத பிரிவில் 9 பேர் இறந்தார்கள். 2000-ல் வந்த இந்த முடிவுக்குப் பிறகு விவாதம் எவ்வளவு அடிக்கடி பார்ப்பது என்பதில்தான்.

வழக்கமான ஆலோசனை: எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 என்றால் 20–25 வயதில் தொடங்கி 1–2 ஆண்டுக்கு ஒருமுறை. எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்றால் 30–35 வயதில் தொடங்கலாம், இடைவெளியும் கூடுதலாக இருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது அதற்கும் இளம் வயதில் வந்திருந்தால் இன்னும் முன்னால். சாதாரணமாக ஒரு பாலிப் புற்றுநோயாகப் பத்தாண்டு அளவில் ஆகும். லிஞ்சில் அது இரண்டு மூன்று ஆண்டில் நடந்துவிடலாம். "போன தடவை சுத்தமா இருந்துச்சே, அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்" என்பது எங்களுக்குப் பொருந்தாது.

இனி குடலைக் காலி செய்வது. ஸ்கோப்பின்போது மயக்கத்தில் இருப்பீர்கள், ஒன்றும் தெரியாது. உழைப்பெல்லாம் முதல் நாள்தான். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே விதை, தோல், நார் நிறைந்த உணவை நிறுத்துங்கள். விதைகள் ஸ்கோப்பின் வாயை அடைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது குடலைக் கறுப்பாக்கிவிடும். சர்க்கரை நோய் மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள் தேதி வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பு, ஊதா நிறத் திரவம் எதுவும் வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரி தெரியும்.

குடலைக் காலி செய்யும் மருந்தை இரண்டாகப் பிரித்துக் குடிப்பதுதான் நல்லது: பாதி முந்தின மாலை, பாதி பரிசோதனைக்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் முன். காலை எட்டு மணிக்கு என்றால் விடியாத நேரத்தில் எழ வேண்டியிருக்கும். எழுந்துவிடுங்கள். முழுவதையும் மாலையே குடித்துவிட்டால் இரவில் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீர் வலது பக்கத்தில் படிந்துவிடும், எங்களுக்குப் பார்க்க வேண்டிய பக்கமே அதுதான். மருந்தை நன்றாகக் குளிர வைத்து, உறிஞ்சுகுழலை நாக்கின் பின்பக்கம் வைத்து உறிஞ்சினால் சுவை பாதிதான் தெரியும். மென்மையான ஈரத் துடைப்பானும் ஒரு களிம்பும் கழிப்பறையில் முன்கூட்டியே இருக்கட்டும். மூன்றாவது தடவைக்குப் பிறகு நன்றி சொல்வீர்கள். கடைசியில் வெளியே வருவது வெளிர் மஞ்சளாக, அடிப்பகுதி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கலாகவோ பழுப்பாகவோ இருந்தால் போய்ப் படுத்த பிறகு சொல்லாதீர்கள், வாசலிலேயே செவிலியரிடம் சொல்லுங்கள்.

முடிந்ததும் ரிப்போர்ட்டில் இவற்றைத் தேடுங்கள். சீக்கம் வரை, அதாவது பெருங்குடலின் தொடக்கம் வரை, போனார்களா; அதற்குப் படம் இருக்கிறதா. சுத்தத்துக்கு பாஸ்டன் மதிப்பெண் போட்டிருந்தால், குடலின் மூன்று பகுதிக்கும் தலா 3, மொத்தம் 9-க்குப் போடுவார்கள்; எந்தப் பகுதியும் 2-க்குக் குறையக் கூடாது. ஸ்கோப்பை வெளியே இழுத்துக்கொண்டு பார்த்த நேரம் குறைந்தது 6 நிமிடம். பாலிப் எத்தனை, எவ்வளவு பெரியது, எந்த இடம். ஒரு முறை நான் போன இடத்தில் "தயாரிப்பு போதாது, மற்றபடி இயல்பு" என்று எழுதிக் கொடுத்தார்கள். போதாது என்றால் இயல்பு என்று எப்படிச் சொல்வது? திரும்பச் செய்யச் சொல்லிக் கேட்டேன். எரிச்சலோடுதான் தேதி கொடுத்தார்கள். கொடுத்தார்கள் இல்லையா, அது போதும்.

குடலில் ஓட்டை விழும் ஆபத்து ஆயிரத்துக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. பாலிப் எடுத்த பிறகு சில நாள் கழித்துக்கூட ரத்தம் வரலாம். கடுமையான வயிற்று வலி, காய்ச்சல், நிற்காத ரத்தம் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

பெண்களுக்கு

அத்தையிடம் நான் முதலில் பேசியபோது அவர் கேட்டது: "எனக்கு வந்தது கர்ப்பப்பையிலடி, எங்கண்ணனுக்கு வந்தது குடல்ல. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?" ஆகும். எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி, எம்.எஸ்.எச்.6-ல் அது குடல் ஆபத்தைவிட அதிகம். சினைப்பைக்கும் ஆபத்து உண்டு.

குடலுக்கு ஸ்கோப் போல இவற்றுக்கு நம்பகமான கண்காணிப்பு இன்னும் இல்லை. பிள்ளை பெறுவது முடிந்த பிறகு, 40 வயதை ஒட்டி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுப்பதுதான் உறுதியான தடுப்பு. இது பெரிய முடிவு. சினைப்பை போனால் மாதவிடாய் உடனே நிற்கும். எலும்பு, தூக்கம், மனநிலை எல்லாவற்றையும் தொடும். ஹார்மோன் பற்றி அறுவைக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். வயது, மரபணு, குழந்தை ஆசை மூன்றையும் வைத்து மகப்பேறு மருத்துவரோடு பேசுங்கள். அதுவரை, மாதவிடாய் இடையில் ரத்தம் வந்தாலோ, நின்ற பிறகு ஒரு துளி வந்தாலோ பயாப்சிக்குப் போய்விட வேண்டும்.

ஆஸ்பிரின்

லிஞ்ச் உள்ளவர்களுக்கு இதில் ஆதாரம் வலுவானது. பிரிட்டன் மரபணு மருத்துவர் ஜான் பர்ன் தலைமையில் நடந்த கேப்-2 ஆய்வில் 861 பேர் கலந்துகொண்டார்கள். தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் இரண்டு ஆண்டு எடுத்த பிரிவில், பத்தாண்டுக்கும் மேலான கண்காணிப்பில் 9 சதவீதத்தினருக்குக் குடல் புற்றுநோய் வந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 13 சதவீதம். பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆனது. 2020-ல் நைஸ் அமைப்பும் லிஞ்ச் உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினைப் பரிந்துரைத்தது. சின்ன மாத்திரைதானே என்று கடையில் வாங்கித் தொடங்காதீர்கள். வயிற்றுப்புண், சிறுநீரகம், ரத்த அழுத்தம், மற்ற மருந்துகள் பார்த்துத்தான் அளவு முடிவாகும். இது ஸ்கோப்புக்கு மாற்று அல்ல. புகையை விடுவதும் எடையைக் குறைப்பதும் எங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே பலன் தரும், அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

உறவினரிடம் சொல்வது

போனில் சொன்னால் பாதி மறக்கும், மீதி திரிந்து போகும். எழுதிக் கொடுங்கள். நான் அனுப்பியது இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"அப்பாவுக்கு வந்த குடல் புற்றுநோய்க்குப் பரம்பரைக் காரணம் இருப்பது பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. இதே பிழை உங்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இருந்தால் நோய் வருமுன் தடுக்க வழி இருக்கிறது. அப்பாவின் ரிப்போர்ட் நகலை இணைத்திருக்கிறேன். மரபணு ஆலோசகரிடம் இதைக் காட்டுங்கள். சோதிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. பேச வேண்டும் என்றால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்."

சிலர் பதில் போட மாட்டார்கள். ஒரு பெரிய உறவினர், "கல்யாண வயசுல பொண்ணு இருக்கிற வீட்டுல இதையெல்லாம் எழுதி அனுப்புவியா?" என்று கோபித்துக்கொண்டார். பதிலுக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன், கடிதத்தைத் திரும்பப் பெறவில்லை. இரண்டாம் முறை வற்புறுத்துவதில்லை என்பது என் வழக்கம். நகல் அவர்கள் கையில் இருக்கிறது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, லிஞ்ச் என்றால் 18 வயதுக்கு முன் சோதிப்பதில்லை. அதற்கு முன் செய்யப்போவது எதுவும் இல்லை, தெரிந்துகொள்வதா என்ற முடிவும் அவர்களுடையது. எஃப்.ஏ.பி. என்றால் சிறு வயதிலேயே பார்த்தாக வேண்டும். சோதிக்காவிட்டாலும் வீட்டில் மறைக்க வேண்டாம். ஸ்கோப்புக்கு முன் நான் ஏன் அந்த மருந்தைக் குடிக்கிறேன் என்று என் மகளுக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. ஸ்கோப் ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பவருக்கும் இடையில் புற்றுநோய் வரலாம். பெரும்பாலும் ஆரம்ப நிலையில் அகப்படும், ஆனால் வரலாம். மலத்தில் ரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலப் பழக்கம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, சிறுநீரில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கோப் தேதி வரை பொறுக்காதீர்கள். இளம் வயதில் போனால் "மூலமாக இருக்கும்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு. அதனால் நாற்காலியில் உட்கார்ந்ததும், வலி எங்கே என்று சொல்வதற்கு முன்பே, "எனக்கு லிஞ்ச் இருக்கிறது, எம்.எஸ்.எச்.2" என்று சொல்லி, ரிப்போர்ட் நகலை மேசை மேல் வைத்துவிடுங்கள்.